பிரிட்டன் குளிசையின் வரலாறு

"பிரிட்டன் திருகோணமலையை விட்டுப் போனது எப்போது?" என்று வரலாற்றுப் பாடத்தில் கேட்டால், பின்வாங்கிலிருந்து ஒருவன் எழும்பி, "இன்னும் போகல்ல சேர், எங்கட உம்மாட அலுமாரியில இருக்குது" என்பான். வகுப்பே சிரிக்கும். வருடத்துக்கு ஒருவனாவது இந்தப் பகிடியைப் புதிதாகக் கண்டுபிடிக்கிறான்.

சரியான விடை 1957 ஒக்டோபர். பிரித்தானியக் கடற்படை நமது துறைமுகத் தளத்தை இலங்கை அரசிடம் ஒப்படைத்துவிட்டுப் போன மாதம் அது. அதே 1957இல், ஒவ்வாமைக்கு எதிரான முதல் மருந்துகளுக்கு வழிதிறந்த டானியல் பொவே என்ற விஞ்ஞானிக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் இரண்டாவது செய்தியின் பிள்ளைதான் அந்த உம்மாவின் அலுமாரியில் இருக்கும் குளிசை. ஆகவே அந்தப் பையனின் பகிடியையும் ஒரு பாடமாக எழுதிவிடலாம் என்று நினைக்கிறோம். நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

கிண்ணியாவிலும் மூதூரிலும் தம்பலகாமத்திலும் நகரத்திலும் பிரிட்டன் என்றோ பிரிட்டோன் என்றோ சொல்லிப் பாமசியில் கேட்காத வீடு குறைவு. கச்சான் காற்று எழும்பிப் புழுதி வாரி அடிக்கும் மாதங்களில் தும்மலுக்கு அது. சூடடிப்பு முடிந்து சுணை பிடித்த உடம்போடு வயலால் வருகிறவருக்கு அது. இறால் தின்று உடம்பெல்லாம் தடித்துப்போன பிள்ளைக்கும் அதுதான். கொழும்பு பஸ்ஸில் சத்தி எடுக்கும் பிள்ளைக்கு, நித்திரை வராத மூத்தம்மாவுக்கு, கடைசியாக அழுகையை நிறுத்தாத குழந்தைக்கும்கூட. இந்தப் பட்டியலின் கடைசிப் பகுதி நமக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று பின்னால் வரும்.

அதன் உண்மையான பெயர் குளோர்பெனிரமின். வழக்கமான குளிசையில் 4 மில்லிகிராம் இருக்கும். பிரிட்டன் என்பது ஒரு கம்பனி அதற்கு வைத்த வியாபாரப் பெயர். பரசிட்டமோலை நாம் பெனடோல் என்று சொல்லிப் பழகியதைப் போலத்தான் இதுவும்.

மருந்து புதியது, நோய் பழையது. தோல் திடீரென்று திட்டுத் திட்டாகத் தடித்து, அரித்து, சில மணி நேரத்தில் சுவடே இல்லாமல் மறைவதைத் தமிழில் காணாக்கடி என்றார்கள். கடித்தது எது என்று கண்ணில் படாத கடி. நோயின் காரணத்தைத் தெரியாத நிலையிலும் அதன் இயல்பை ஒரே சொல்லில் பிடித்துவிட்டார்கள். இன்றைய பிள்ளைகள் 'அலர்ஜி' என்று மட்டும் சொல்கிறார்கள். பழைய சொல்லையும் வைத்திருந்தால் குறைந்தா போய்விடுவோம்?

ஒவ்வாமையைப் பற்றி எழுதியவர்களில் நமக்கு மிகவும் பிடித்தவர், இற்றைக்கு ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முன் ஈரானின் ரய் நகரில் பிறந்த அபூபக்ர் அர்-ராஸி. அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கிக்கு ஒவ்வொரு வசந்தகாலத்திலும் ரோஜா பூக்கும் நேரத்தில் மூக்கால் ஒழுகி, தலை கனத்துப்போகும். ஏன் அப்படி என்று ஆராய்ந்து அர்-ராஸி தனியாக ஒரு சிறு நூலே எழுதினார். பூவின் வாசனைக்கும் மூக்கொழுகலுக்கும் பருவத்தோடு ஒட்டிய தொடர்பு இருப்பதைக் குறித்து வைத்த மிகப் பழைய எழுத்துகளில் அதுவும் ஒன்று. இஸ்லாமிய நாகரிகம் பற்றிய பாடத்தில் ராஸியின் பெயரை ஒரு வரியில் மனனம் செய்து கடந்துவிடும் பிள்ளைகளுக்கு இந்த ரோஜாக் கதையைச் சொல்லிப் பாருங்கள். பிறகு பெயர் மறக்காது.

அந்தத் தும்மலுக்கும் தடிப்புக்கும் பின்னால் நிற்கும் பொருளைப் பிடிப்பதற்கு இருபதாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. 1907இல் ஜேர்மனியில் வின்டவுஸ், வோக்ட் என்ற இருவர் ஒரு சிறிய இரசாயனத்தைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். அதற்கு ஏதும் பயன் உண்டு என்று அப்போது எவரும் எண்ணவில்லை. 1910இல் லண்டனில் ஹென்றி டேல், லெயிட்லோ ஆகிய இருவர் அதே பொருளை விலங்குகளுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். இரத்த அழுத்தம் விழுந்தது, மூச்சுக்குழாய் இறுகியது. கடும் ஒவ்வாமையில் உயிருக்குப் போராடும் விலங்கைப் போலவே அது இருந்தது. ஆனாலும் அந்தப் பொருள் உடம்புக்குள்ளேயே இருக்கிறது என்று உறுதியாகக் காட்ட 1927 ஆனது. டேலும் தோழர்களும் ஈரலிலிருந்தும் சுவாசப்பையிலிருந்தும் அதைப் பிரித்தெடுத்தார்கள். அந்தத் தோழர்களில் ஒருவர் சார்ள்ஸ் பெஸ்ட், இன்சுலின் கண்டுபிடிப்பில் பெயர் வருமே, அவரேதான். இழையத்துக்குக் கிரேக்கத்தில் ஹிஸ்டோஸ். அதிலிருந்து ஹிஸ்டமின் என்று பெயர் வந்தது.

அதே 1927இல் தோமஸ் லூயிஸ் என்ற லண்டன் வைத்தியர் தோலைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். அதில் உள்ள பரிசோதனைக்கு ஆய்வுகூடம் தேவையில்லை, ஓர் அடிமட்டம் போதும். முன்னங்கையில் அதன் விளிம்பால் சற்று அழுத்தி ஒரு கோடு இழுங்கள். முதலில் கோடு சிவக்கும். பிறகு சுற்றிவரச் சிவப்புப் படரும். சிலருக்குக் கோடே மேடாகத் தடித்து எழும்பும். தோலுக்குள்ளே ஹிஸ்டமினைப் போன்ற ஒரு பொருள் வெளிப்படுவதால்தான் இந்த மூன்றும் நடக்கின்றன என்று லூயிஸ் வாதிட்டார். அவர் சொன்னது சரி. தோலிலும் மூக்கிலும் குடலிலும் மாஸ்ட் கலங்கள் என்ற காவல்காரர்கள் இருக்கிறார்கள். அவற்றுக்கு அந்தப் பெயரை வைத்தவர் போல் ஏர்லிக், 1878இல், தன் மாணவப் பருவ ஆய்வில். அவற்றின் வயிற்றுக்குள் ஹிஸ்டமின் பொதி பொதியாக அடைந்திருப்பது தெரியவந்ததோ 1953இல். ஒவ்வாத பொருள் வந்ததும் கலம் பொதியை அவிழ்த்துவிடுகிறது. குழாய்கள் கசிகின்றன, தோல் தடிக்கிறது, நரம்பு அரிக்கிறது. காணாக்கடியின் கடி அதுதான்.

இந்த இடத்தில் துறைமுகத்து மக்களாகிய நாம் சற்று நிற்கவேண்டும். ஏனென்றால் ஹிஸ்டமின் நம் உடம்பிலிருந்து மட்டும் வருவதில்லை. மீனிலிருந்தும் வருகிறது.

சூரை, கும்பளா போன்ற கருஞ்சதை மீன்களில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். மீன் பிடிபட்ட பின் வெயிலில் கிடந்தால் சில பக்டீரியாக்கள் அந்த ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். மீன் நாற வேண்டியதில்லை, கண் வெளுக்க வேண்டியதில்லை, பார்வைக்கு நல்ல மீனாகவே இருக்கலாம். சாப்பிட்டுச் சில நிமிடத்திலோ ஒரு மணி நேரத்துக்குள்ளோ முகம் சிவந்து காந்தும், தலை இடிக்கும், உடம்பு தடிக்கும், வயிற்றால் போகும். சிலருக்கு வாயில் மிளகு கடித்தது போல ஒரு காரம் முதலிலேயே தெரியும். ஒரே ஆணத்தைத் தின்ற நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் இது வந்தால் அது ஒவ்வாமையல்ல. மீனில் சேர்ந்த ஹிஸ்டமின்.

இதில் நம்மவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. கொதிக்க வைத்தால் பக்டீரியா சாகும், ஆனால் உண்டான ஹிஸ்டமின் சாகாது. பொரித்தாலும் போகாது, ஆணமாக்கினாலும் போகாது, தகரத்தில் அடைத்தாலும் போகாது. புளியும் மிளகாயும் அள்ளிப் போட்டும் பயனில்லை. அதைத் தடுப்பது ஒன்றே ஒன்று: பிடித்த நேரத்திலிருந்து ஐஸ். கொட்பே துறைமுகத்தில் இறங்கும் மீனாக இருந்தாலும் நமது கரையில் வள்ளத்திலிருந்து நேராகக் கூடைக்கு வரும் மீனாக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான். உலக உணவுத் தரநிர்ணய அமைப்பான கோடெக்ஸ் இப்படியான மீன்களில் ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் ஹிஸ்டமின் இருக்கக்கூடாது என்கிறது. ஐரோப்பாவுக்கு அனுப்பும் சூரைக்கு அந்தப் பரிசோதனை உண்டு. மோட்டார் சைக்கிள் பெட்டியில் மத்தியான வெயிலோடு நம் வாசலுக்கு வரும் சூரைக்கு ஏது பரிசோதனை? பெட்டியைத் திறக்கச் சொல்லி ஐஸ் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நமக்குள்ள ஒரே பரிசோதனை.

ஒருமுறை இப்படி வந்துவிட்டால், "எனக்குச் சூரை ஒத்துக்கொள்ளாது" என்று ஆயுளுக்கும் சூரையை ஒதுக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பாவம், சூரை குற்றவாளியல்ல. இந்த நஞ்சுக்கும் வைத்தியர்கள் கொடுப்பது ஹிஸ்டமினுக்கு எதிரான மருந்தைத்தான். எதிரி ஒருவனே, வந்த வழிதான் வேறு.

அந்த எதிர்மருந்து எப்படிப் பிறந்தது? பரிஸ் நகரின் பஸ்தூர் நிறுவனத்தில் பொவே ஓர் எளிய கேள்வியோடு தொடங்கினார். உடம்பில் அட்ரினலின் இருக்கிறது, அதைத் தடுக்கும் மருந்து இருக்கிறது. அசெற்றைல்கோலின் இருக்கிறது, அதைத் தடுக்க அத்ரோபின் இருக்கிறது. ஹிஸ்டமினைத் தடுக்க மட்டும் ஏன் ஒன்றுமில்லை? 1937இல் அவரும் ஆன்-மரி ஸ்டவுப் என்ற இளம் ஆய்வாளரும், கொல்லக்கூடிய அளவு ஹிஸ்டமின் ஏற்றிய கினிப்பன்றிகளை ஒரு புதிய இரசாயனத்தால் பிழைக்கவைத்தார்கள். மனிதருக்குக் கொடுக்க முடியாத அளவு அது நஞ்சாக இருந்தது. ஆனால் கதவு திறந்துவிட்டது. நோபல் பரிசு பொவேக்குப் போனது. ஸ்டவுப்பின் பெயரைப் பாடநூல்கள் அடிக்குறிப்பில்கூடப் போடுவதில்லை. நமது பெண் பிள்ளைகளுக்காக இதை இங்கே எழுதிவைக்கிறோம்.

மனிதருக்குக் கொடுக்கக்கூடிய முதல் மருந்து 1942இல் பிரான்ஸில் வந்தது. அன்டர்கன் என்று பெயர். ஹால்பர்ன் என்பவர் அதைப் பரிசோதித்தார். ஜேர்மன் படையின் காலடியில் நாடு கிடந்த வருடம் அது. நமது ஊரில் அந்த வருடத்துக்கு வேறு நினைவு: ஏப்ரல் 9ஆம் திகதி காலை ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தின் மேல் குண்டு போட்டன. அந்தக் கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். உலகம் இப்படி எரிந்துகொண்டிருந்தபோது ஆய்வுகூடங்களில் சிலர் தும்மலுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார்கள் என்பது நமக்கு ஏனோ ஆறுதலாகவே இருக்கிறது.

பிறகு மழைக்குப் பின் காளான் மாதிரி மருந்துகள் முளைத்தன. அமெரிக்காவின் சின்சினாற்றியில் ரீவெஷ்ல் டைபென்ஹைட்ரமினைச் செய்தார், 1946இல் அது பெனட்ரில் என்று கடைக்கு வந்தது. பிரான்ஸில் ப்ரோமெதசின் வந்தது. அதன் குடும்பத்தைத் தோண்டியபோது மனநோய்க்கான முதல் பெரிய மருந்தான குளோர்ப்ரோமசின் 1950இல் கிடைத்தது. அது ஒரு தனிக் கதை, இங்கே வேண்டாம்.

கடலோரத்தாருக்குப் பிடிக்கக்கூடிய ஒன்றை மட்டும் சொல்கிறோம். 1947இல் பால்ற்றிமோர் நகர ஆஸ்பத்திரியில் ஒரு பெண்ணின் தோல் தடிப்புக்கு இந்த வகை மருந்து ஒன்றைக் கொடுத்தார்கள். அவருக்கு ட்ராம் வண்டியில் ஏறினாலே குமட்டுமாம். மருந்து எடுத்த நாட்களில் குமட்டவில்லை. அடுத்த வருடம் நவம்பரில் நியூயோர்க்கிலிருந்து ஜேர்மனிக்குப் படையினரை ஏற்றிச் சென்ற கப்பலில் அதைப் பரிசோதித்தார்கள். அட்லாந்திக்கின் குளிர்காலக் கடலில் கப்பல் ஆடிய ஆட்டத்திலும் மருந்து வேலை செய்தது. ட்ரமமின் என்ற கடல்மயக்கக் குளிசை அப்படிப் பிறந்தது. கொழும்பு பஸ்ஸுக்கு முன் பிள்ளைக்குக் குளிசை கொடுக்கும் உம்மாவின் பழக்கத்துக்கு மூலம் அங்கேதான் இருக்கிறது.

குளோர்பெனிரமின் 1940களின் கடைசியில் அமெரிக்காவின் ஷெரிங் கம்பனியில் பிறந்தது. இந்தியாவில் அவில் என்ற பெயரில் பிரபலமான பெனிரமினில் ஒரு குளோரின் அணுவைச் சேர்த்தார்கள், அவ்வளவுதான். சக்தி பல மடங்கானது. பெயரின் முன்னால் நிற்கும் 'குளோர்' அந்த ஓர் அணுதான். இரசாயனம் படிக்கும் உயர்தரப் பிள்ளைகள் கவனிக்க. பிரித்தானியாவில் ஆலன் அன்ட் ஹன்பரிஸ் கம்பனி அதைப் பிரிட்டன் என்று விற்றது. அந்தக் கம்பனியை 1958இல் க்ளாக்ஸோ வாங்கியது. துறைமுகத்தை விட்டுப் போனவர்கள் பாமசிக்குள் வந்தது அந்த வழியால்தான்.

இனி வருவதுதான் இந்தப் பதிவை எழுத வைத்த பகுதி. ஒரு நல்ல மருந்து உலகத்தில் இருப்பது வேறு, கிண்ணியாவில் ஒரு கூலித் தொழிலாளியின் கைக்கு அது எட்டுவது வேறு. இரண்டுக்கும் நடுவே இலங்கையில் ஒரு மனிதர் நின்றார்: பேராசிரியர் சேனக பிபிலே.

1920இல் பிறந்தவர். கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்தவர். எடின்பரோவில் கலாநிதிப் பட்டம் பெற்று வந்து, 1958இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது மருந்தியல் பேராசிரியரானார். சமசமாஜக் கட்சிக்காரர். அவருடைய கேள்வியும் பொவேயின் கேள்வியைப் போலவே எளிமையானது. ஒரே மருந்துக்கு ஏன் இருபது பெயர், இருபது விலை? கம்பனியின் பெயரைத் தூக்கிவிட்டு மருந்தின் சொந்தப் பெயரால் எழுதினால், உலகச் சந்தையில் எவன் நல்லதை மலிவாகத் தருகிறானோ அவனிடம் வாங்கலாமே?

முதலில் ஆஸ்பத்திரிகளுக்கான மருந்துக் கோவை ஒன்றை உருவாக்கி, இந்த முறை நடக்கும் என்று காட்டினார். 1971இல் வைத்தியரும் கம்யூனிஸ்ட் தலைவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவோடு சேர்ந்து அரசுக்கு அறிக்கை கொடுத்தார். நாடு வெளிநாட்டுச் செலாவணிக்குத் தவித்துக்கொண்டிருந்த காலம் அது. அதே வருடம் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைந்தது, பிபிலே அதன் முதல் தலைவர். நாட்டில் விற்பனையிலிருந்த சுமார் 2,100 மருந்துகள் சுமார் 600 ஆகக் குறைக்கப்பட்டன. கூட்டுத்தாபனம் உலகம் முழுவதிலுமிருந்து விலை கேட்டு, தரம் பார்த்து, மொத்தமாக வாங்கியது. ஒரே மூலப்பொருளைப் பெயர் பெற்ற கம்பனி ஒரு விலைக்கும் இன்னொரு நாட்டு உற்பத்தியாளர் அதில் சிறு பங்கு விலைக்கும் விற்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. இன்று சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மாதிரி 'ஒசுசல' என்று சொல்லும் அரச மருந்துக் கடை அந்தக் கூட்டுத்தாபனத்தின் கடைதான்.

கம்பனிகள் சும்மா இருக்கவில்லை. 1974இல் கொலரா பரவியபோது டெட்ராசைக்கிளின் தேவைப்பட்டது. கூட்டுத்தாபனம் வேறிடத்தில் வாங்கிய மூலப்பொருளைக் கொண்டு இங்குள்ள தொழிற்சாலையில் கப்சூல் செய்து தர ஃபைசர் மறுத்தது. அரசு தொழிற்சாலையைப் பொறுப்பேற்கப் பார்த்தபோது அமெரிக்கத் தூதுவரே தலையிட்டார். 1976க்குள் பிபிலே பதவியில் இல்லை. 1977 செப்டம்பரில், ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணிக்காகத் தென்னமெரிக்காவின் கயானாவுக்குப் போன இடத்தில் காலமானார். வயது 57.

அதே 1977இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதல் பட்டியலை வெளியிட்டது. ஏறக்குறைய இருநூறு மருந்துகள், எல்லாம் சொந்தப் பெயரில். ஒவ்வாமைக்கு என்று அதில் குளோர்பெனிரமின் இருந்தது. 1982இல் பங்களாதேஷ் தன் மருந்துக் கொள்கையை எழுதியபோது முன்னால் இருந்த உதாரணங்களில் இலங்கையும் ஒன்று. நமது நாட்டிலோ பிபிலேயின் கொள்கை தேர்தல் மேடைகளில் வாழ்ந்தது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அமைந்தபோதுதான் அதில் ஒரு பகுதி சட்டமானது. 38 வருடத் தாமதம். 2022இல் டொலர் இல்லாமல் ஆஸ்பத்திரி அலுமாரிகள் வெறுமையாகி, "வெளியில் வாங்குங்கள்" என்று துண்டு எழுதித் தந்த நாட்களில் அந்தத் தாமதத்தின் விலை என்னவென்று எல்லோருக்கும் விளங்கியது.

ஆகையால் பாமசியில் கேட்கும்போது "குளோர்பெனிரமின் தாங்க" என்று கேட்டுப் பழகுவோம். சொல் நீளம்தான். ஆனால் அந்தச் சொல்லை நமக்குத் தந்ததற்காக ஒருவர் பதவியைப் பறிகொடுத்தார்.

இப்போது நித்திரையைப் பற்றி. மூளைக்குள் ஹிஸ்டமினுக்கு வேறு வேலை இருக்கிறது: நம்மை விழிப்பாக வைத்திருப்பது. பழைய மருந்துகள் மூளைக்குள்ளும் புகுந்து அதையும் நிறுத்திவிடுகின்றன. அதனால் வருவது நல்ல நித்திரையல்ல, மந்தம்; இரவு போட்ட குளிசையின் கனம் மறுநாள் காலை வரைக்கும் தொடரலாம். முதலாம் பாடவேளையில் மேசையில் தலை சாய்க்கும் பிள்ளையைப் பார்த்தால், "ராத்திரி தடிமனுக்கு ஏதும் குளிசை போட்டியா மகன்?" என்று கேட்பது நமது பாடசாலையில் சில ஆசிரியர்களின் வழக்கம். பல தடவை விடை ஆம் என்றே வரும். பிள்ளைக்கே இப்படியென்றால், இரவில் வள்ளம் ஓட்டுகிறவரையும் விடிகாலையில் கந்தளாய்ப் பாதையில் லொறி ஓட்டுகிறவரையும் நினைத்துப் பாருங்கள். அழும் குழந்தையை உறங்கவைக்க இதைக் கொடுப்பதை நாம் வெறுப்பது இதனால்தான். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கடையில் வாங்கும் தடிமன் மருந்துகளைக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2008இலேயே எச்சரித்தது. வயதானவர்களுக்கும் இது நல்லதல்ல: தடுமாற்றம், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு.

மூளைக்குள் அதிகம் புகாத மருந்துகள் 1980களில் வந்தன. முதலில் புகழ்பெற்ற டெர்பெனடின், சில அன்டிபயோட்டிக்குகளோடு சேர்ந்தால் இதயத் துடிப்பைக் குழப்புகிறது என்று தெரிந்து 1990களின் கடைசியில் அமெரிக்கச் சந்தையிலிருந்து போனது. நிலைத்தவை செற்றிரிசின், லொரடடின், பெக்ஸோபெனடின். ஒரு நாளைக்கு ஒன்று போதும் என்பதால் நோன்பு மாதத்திலும் வசதி. செற்றிரிசின் சிலருக்குக் கொஞ்சம் தூக்கம் தரும், அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலும் பழையதன் இடத்தில் இன்று லொரடடின் இருக்கிறது. இவையும் இன்று சொந்தப் பெயரில் மலிவாகக் கிடைக்கின்றன. வைத்தியரிடம் கேளுங்கள், "தூக்கம் தராதது ஏதும் எழுதலாமா டொக்டர்" என்று.

கடைசியாக ஒன்று. இதைப் பெற்றோர்கள் இரண்டு முறை வாசிக்க வேண்டுகிறோம். காணாக்கடிக்கும் தும்மலுக்கும் ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்து போதும். உயிரைப் பறிக்கும் ஒவ்வாமைக்கு அது போதாது.

அந்தப் பெரிய ஒவ்வாமையைக் கண்டுபிடித்த கதையும் கடலில்தான் தொடங்குகிறது. 1901இல் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் ஷார்ள் ரிஷே, போர்த்தியே என்ற இருவர், கடலில் மிதக்கும் சொறிமுட்டை போன்ற ஓர் உயிரினத்தின் நஞ்சை ஆராய்ந்தார்கள். ஊர் திரும்பி, கடல் அனிமனியின் நஞ்சை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் தடவை பிழைத்த நாய்க்குச் சில வாரம் கழித்து மிகச் சிறிய அளவு கொடுத்தால் பழகிப்போயிருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். நாய் நிமிடங்களில் செத்தது. அனபிலக்ஸிஸ் என்று பெயர் வைத்தார் ரிஷே. 1913இல் நோபல் பரிசு அவருக்கு.

குளவி கொட்டியோ இறால் தின்றோ ஊசி போட்டோ சில நிமிடத்தில் நாக்குத் தடித்து, குரல் கம்மி, நெஞ்சு இழுத்து, சத்தி எடுத்து, தலை சுற்றி விழுந்தால், அங்கே ஹிஸ்டமின் மட்டும் வேலை செய்வதில்லை. பல இரசாயனங்கள் ஒன்றாக அவிழ்கின்றன. வாயால் விழுங்கிய குளிசை வேலை தொடங்கவே அரை மணி, ஒரு மணி நேரம் போகும். அதற்கு மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. "பிரிட்டன் ஒன்று போட்டுவிட்டுப் பார்ப்போம்" என்று காத்திருக்கும் நிமிடங்களில்தான் ஆபத்து இருக்கிறது. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், அழைத்துவிட்டு ஆளைக் கிடத்திக் காலைச் சற்று உயர்த்தி வையுங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரவிடலாம். எழும்பி நடக்க விடவேண்டாம்.

இதற்கு உலகத்துக்குச் சான்று கொடுத்த நாடுகளில் நமது நாடும் ஒன்று. பாம்புக்கடிக்கு ஏற்றும் விஷமுறிவு மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து செய்யப்படுவதால், அதற்கே பலருக்குக் கடும் ஒவ்வாமை வரும். அதைத் தடுக்க முன்கூட்டியே எதைக் கொடுக்கலாம் என்பதில் வைத்தியர்களுக்குள் நீண்டகாலம் கருத்து வேறுபாடு இருந்தது. பேராசிரியர் அசித்த டி சில்வாவின் தலைமையில் இலங்கை ஆய்வாளர்கள் பாம்பு கடித்த 1,007 நோயாளிகளைக் கொண்டு இதைப் பரிசோதித்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். சிலருக்குச் சிறிய அளவு அட்ரினலின், சிலருக்கு ஹைட்ரோகோர்ட்டிசோன், சிலருக்கு ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்தான ப்ரோமெதசின், சிலருக்கு இவற்றைச் சேர்த்து, சிலருக்கு வெறும் மருந்துருவான திரவம். நோயாளிகளில் நான்கில் மூன்று பேருக்கு ஏதோ ஒரு ஒவ்வாமை வந்தது. அட்ரினலின் கொடுத்தவர்களில் கடுமையான ஒவ்வாமை முதல் மணித்தியாலத்தில் 43 சதவீதம் குறைந்தது. ஹைட்ரோகோர்ட்டிசோனும் ப்ரோமெதசினும் அதைக் குறைக்கவில்லை. வயலில் பாம்பு கடித்தவரை ஏற்றிக்கொண்டு ஓடும்போது வழியில் எந்தக் குளிசையையும் விழுங்கவைக்க வேண்டியதில்லை, விஷமுறிவு மருந்தும் அட்ரினலினும் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நேராகப் போனால் போதும்.